முதல் மூன்று மாத ஸ்கேன் அறிக்கை: எதைப் படிக்க வேண்டும், எதற்குப் பொறுத்திருக்க வேண்டும், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

நாள்கணக்குப்படி ஏழு வாரம் முடிந்திருக்கிறது. ஸ்கேனிலோ ஐந்து வாரம் இரண்டு நாள் என்று வருகிறது. சாக், அதாவது கரு வளரும் பை, தெரிகிறது, கரு இன்னும் தெரியவில்லை, பத்துப் பதினைந்து நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லி அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வெளியே காத்திருக்கும் கணவரும் மாமியாரும் "என்ன சொன்னார்கள்?" என்று கேட்கும்போது, அந்தப் பெண்ணிடம் சொல்வதற்குத் தெளிவான பதில் எதுவும் இருப்பதில்லை. இந்த வழிகாட்டி அந்தப் பெண்ணுக்காகவும், அவளோடு அந்த நாள்களைக் கழிக்கப்போகும் குடும்பத்துக்காகவும் எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் ஸ்கேன் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளால் நிறைந்திருப்பதால், அந்தச் சொற்களை அவை ஒலிக்கிறபடியே இங்கே தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆரம்ப கால ஸ்கேன் முடிவுகளில் கவலைப்பட வேண்டியவை இரண்டு வகை. ஒரு வகையில் நாம் காத்திருக்கலாம். காத்திருப்பதுதான் சரியான மருத்துவம். இன்னொரு வகையில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பல குடும்பங்கள் முதல் வகையில் பதறி முடிவெடுக்கின்றன. இரண்டாவது வகையில் "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று படுத்துக்கொள்கின்றன.

முதல் படி: ஸ்கேனுக்குப் போகும் முன் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்

அறிக்கையின் தலைப்பில் எல்.எம்.பி. என்று ஒரு தேதி இருக்கும். கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாள் அது. கர்ப்பத்தின் வாரக் கணக்கு கருத்தரித்த நாளிலிருந்து அல்ல, இந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சியையும், பதினான்காம் நாள் வாக்கில் கருமுட்டை வெளியாவதையும் அடிப்படையாகக் கொண்டது. உங்களுக்கு 40 நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் வருகிறது என்றால் கருமுட்டை ஏறத்தாழ 12 நாள் தாமதமாகவே வெளியாகியிருக்கும். அப்போது நாள்கணக்கில் 7 வாரம் என்பது உண்மையில் 5 வாரம் 2 நாள்தான். மேலே சொன்ன பெண்ணின் கதை இப்படியும் இருக்கலாம். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்கள், அண்மையில் பாலூட்டுவதை நிறுத்தியவர்கள், கருத்தடை மாத்திரையை விட்ட உடனே கருத்தரித்தவர்கள் ஆகியோருக்கு இந்த வேறுபாடு மிகவும் சாதாரணமானது.

ஆகவே கடைசி மாதவிடாயின் தேதி, அதற்கு முந்தையது எப்போது வந்தது, சுழற்சி வழக்கமாக எத்தனை நாள், வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு முதன்முதலில் எந்தத் தேதியில் தெரிந்தது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நான்காவது தேதியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அது மிகவும் பயனுள்ளது. கர்ப்பம் ஏறத்தாழ நான்கு வாரத்தை நெருங்குவதற்கு முன் அந்தப் பரிசோதனையில் கோடு விழுவது அரிது. எனவே இன்றிலிருந்து நான்கு வாரத்துக்கு முன்பே இரண்டு கோடு பார்த்தவருக்கு இன்றைய ஸ்கேனில் ஐந்து வாரம் என்று வந்தால், "கணக்குத் தவறு" என்ற ஆறுதல் அங்கே பொருந்தாது. ஒரு வாரத்துக்கு முன்தான் கோடு தெரிந்தது என்றால், அந்த ஆறுதலுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

செயற்கைக் கருத்தரிப்பு மூலம் கர்ப்பமானவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. கரு வைக்கப்பட்ட நாள் தெரியும் என்பதால் அவர்களின் வாரக் கணக்கு உறுதியானது.

இரண்டாம் படி: எந்த வகை ஸ்கேன் என்பதைக் கவனியுங்கள்

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனுக்கு, டி.வி.எஸ். என்று எழுதப்படுவதற்கு, சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். எட்டு வாரத்துக்கு முன்பு இரண்டாவது வகைதான் தெளிவாகக் காட்டும். வயிற்றின் மேல் பார்க்கும்போது அதே காட்சி ஏறத்தாழ ஒரு வாரம் பிந்தித்தான் தெரியும். உடல் பருமன் இருந்தாலோ, கர்ப்பப்பை பின்னோக்கிச் சாய்ந்திருந்தாலோ இன்னும் தாமதமாகலாம். "உள்ளே விட்டுப் பார்த்தால் கரு கலைந்துவிடும்" என்ற அச்சத்தால் பலர் டி.வி.எஸ். வேண்டாம் என்கிறார்கள். அந்தக் கருவி கர்ப்பப்பைக்குள் நுழைவதில்லை. அதனால் கரு கலைவதில்லை. வயிற்றின் மேல் மட்டும் பார்த்துவிட்டு ஆறு ஏழு வாரத்தில் "துடிப்பு இல்லை" என்று எழுதப்பட்டிருந்தால், டி.வி.எஸ். செய்யாமல் அந்த வரியை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மூன்றாம் படி: அறிக்கையை வரிசையாகப் படியுங்கள்

டி.வி.எஸ். ஸ்கேனில் கர்ப்பம் தெரிவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நாலரை முதல் ஐந்து வாரத்துக்குள் கர்ப்பப்பைக்குள் ஒரு சிறு கறுப்பு வட்டம் தெரியும். இதுவே ஜெஸ்டேஷனல் சாக். ஐந்தரை வாரம் வாக்கில் அதற்குள் வெள்ளை விளிம்புள்ள சிறு வளையம் தெரியும். இது யோக் சாக். நஞ்சுக்கொடி வேலையை ஏற்கும் வரை கருவுக்கு ஆதரவாக இருப்பது இதுதான். யோக் சாக் தெரிந்துவிட்டால் கர்ப்பம் கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்பது உறுதியாகிறது. அந்த ஒரு சொல் அறிக்கையில் இருந்தால் பெரிய கவலை ஒன்று குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆறு வாரம் வாக்கில் யோக் சாக்கின் ஓரத்தில் ஃபீட்டல் போல் எனப்படும் கருவும், அதில் மினுங்கும் இதயத் துடிப்பும் தெரியும்.

இப்போது எண்கள். எம்.எஸ்.டி. என்பது சாக்கின் சராசரி விட்டம். சி.ஆர்.எல். என்பது கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரையான நீளம். கருவின் நீளம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கூடும். சிறு கருவுக்கு, அதாவது 25 மில்லிமீட்டர் வரை, சி.ஆர்.எல். மில்லிமீட்டரோடு 42ஐக் கூட்டினால் தோராயமாகக் கர்ப்பத்தின் நாள்கள் கிடைக்கும்; 8 மில்லிமீட்டர் என்றால் 50 நாள், அதாவது 7 வாரம் 1 நாள். அறிக்கையில் சில இடங்களில் சென்டிமீட்டரிலும் எழுதுவார்கள் என்பதால் 0.8 என்று கண்டு அஞ்ச வேண்டாம். அது 8 மில்லிமீட்டர்தான்.

முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் சி.ஆர்.எல். அளவே பிரசவத் தேதியைக் கணிக்க மிகவும் நம்பகமானது. 9 வாரத்துக்கு முன் நாள்கணக்குக்கும் ஸ்கேன் கணக்குக்கும் 5 நாளுக்கு மேல் வேறுபட்டாலோ, 9 முதல் 13 வாரம் 6 நாள் வரையான காலத்தில் 7 நாளுக்கு மேல் வேறுபட்டாலோ, இ.டி.டி. எனப்படும் பிரசவத் தேதியை ஸ்கேனுக்கு ஏற்ப மாற்றுவது வழக்கம். தேதி மாறுவது நோயின் அறிகுறி அல்ல. பிந்தைய மாதங்களில் எடுக்கும் ஸ்கேன்களில் வரும் புதிய தேதியை வைத்து இதைத் திரும்பத் திரும்ப மாற்றக் கூடாது.

இதயத் துடிப்பு ஆறு வாரத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 115 வரை இருப்பது இயல்பு. பிறகு வேகமாக ஏறி ஒன்பது வாரம் வாக்கில் 170ஐத் தொட்டு, அதன்பின் மெல்ல இறங்கும். ஆறு வாரத்தில் 90க்குக் கீழே இருந்தால் கவலைக்குரியது. ஒரு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். துடிப்பின் எண்ணிக்கையை வைத்து ஆணா பெண்ணா என்று வீட்டில் கணக்குப் போடுவதில் உண்மை இல்லை. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் குற்றம். ஸ்கேன் அறையில் உங்களிடம் கையெழுத்து வாங்கும் எஃப் படிவம் இந்தச் சட்டத்தின் கீழ்தான் நிரப்பப்படுகிறது.

நான்காம் படி: "கரு வளரவில்லை" என்ற சொல்லை எந்த எண்ணில் ஏற்கலாம்

இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி இதுதான். இங்கே நிதானமாகப் படியுங்கள்.

கருவின் நீளம் இத்தனை மில்லிமீட்டர் ஆகியும் துடிப்பு இல்லை என்றால் கர்ப்பம் நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம் என ஒரு எல்லை உண்டு. பல ஆண்டுகளாக அமெரிக்காவில் அந்த எல்லை 5 மில்லிமீட்டர் ஆக இருந்தது. சாக் 16 மில்லிமீட்டர் ஆகியும் கரு தெரியாவிட்டால் அதுவும் நின்றுபோன கர்ப்பம் என்றே எழுதினார்கள். ஒரே கருவை இரண்டு பேர் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு என்பதும், அந்த எல்லைகளில் சில நல்ல கர்ப்பங்களும் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்தபோது, பிரிட்டன் 2011இல் தன் எல்லைகளை உயர்த்தியது. அமெரிக்காவின் அல்ட்ராசவுண்ட் கதிரியக்க வல்லுநர் சங்கம் 2012இல் கூட்டிய குழுவும் அதே எண்களுக்கு வந்து சேர்ந்தது; அது 2013இல் வெளியாயிற்று.

அந்த எண்கள் இவை. டி.வி.எஸ். ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லாமலிருத்தல். சாக்கின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் கரு இல்லாமலிருத்தல். யோக் சாக் இல்லாத வெறும் சாக் தெரிந்த ஸ்கேனிலிருந்து 14 நாள் கழித்தும் துடிப்புள்ள கரு தெரியாமலிருத்தல். யோக் சாக்கோடு சாக் தெரிந்த ஸ்கேனிலிருந்து 11 நாள் கழித்தும் துடிப்புள்ள கரு தெரியாமலிருத்தல். இந்த நான்கில் ஒன்று இருந்தால் மட்டுமே முடிவு உறுதியானது.

கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு இல்லை என்றாலும், சாக் 16 முதல் 24 மில்லிமீட்டர் வரை இருந்து கரு இல்லை என்றாலும், யோக் சாக் 7 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெரிதாக இருந்தாலும், அது சந்தேகம் மட்டுமே. சந்தேகங்களில் கணிசமானவை உண்மையாகவே கருச்சிதைவில் முடிகின்றன என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் ஏழு முதல் பத்து நாளில் மறுபடி ஒரு ஸ்கேன் பார்ப்பதால் தாய்க்குப் பொதுவாக எந்தக் கேடும் இல்லை; பார்க்காமல் கருவை வெளியேற்றும் மாத்திரை சாப்பிட்டால், நல்ல கர்ப்பமாக இருந்திருந்தால் அதைத் திரும்பப் பெற வழி இல்லை. "பிளைட்டட் ஓவம்" (கரு உருவாகாத வெறும் சாக்), "மிஸ்டு அபார்ஷன்" (நின்றுபோயும் வெளியேறாத கர்ப்பம்) என்று அறிக்கையில் எழுதியிருந்து, எண் மேலே சொன்ன எல்லையை எட்டவில்லை என்றால், "ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். எல்லையைத் தாண்டியிருந்தாலும், மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொருவரைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொல்வது உங்கள் உரிமை. மறு ஸ்கேனை முடிந்தவரை அதே இடத்தில், அதே வகையில் எடுப்பது நல்லது. வேறிடம் போனால் பழைய அறிக்கையையும் படத்தையும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.

ஐந்தாம் படி: பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் பாதகமில்லாத சொற்கள்

"கார்ப்பஸ் லூட்டியம் சிஸ்ட்" என்பது கருமுட்டை வெளியான இடத்தில் உருவாகும் நீர்க்கட்டி. ஆரம்ப கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைச் சுரப்பதே அதுதான். "ரெட்ரோவெர்டட் யூட்ரஸ்" என்பது பின்னோக்கிச் சாய்ந்த கர்ப்பப்பை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டு வாரத்தில் "லோ லையிங் பிளாசென்டா" என்று எழுதியிருந்தால், கர்ப்பப்பை வளர வளர நஞ்சு பெரும்பாலும் மேலே போய்விடும். பிந்தைய ஸ்கேனில் அதை மறுபடி பார்த்துக்கொண்டால் போதும்.

"சப்கோரியானிக் ஹெமடோமா" சற்று வேறு. சாக்கின் ஓரத்தில் இரத்தம் கட்டியிருப்பதை அது குறிக்கிறது. சிறிய கட்டு பெரும்பாலும் தானாகக் கரைகிறது. பெரிய கட்டுக்கு அபாயம் கூடுதல் என்பதால் தொடர்ந்து பார்க்க வேண்டும். இதற்காக மாதக்கணக்கில் படுத்தே கிடக்கச் சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அசையாமல் கிடப்பது காலில் இரத்தம் உறைவதற்கு இடம்கொடுக்கும். புரொஜெஸ்டிரான் மருந்தைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான பிரிசம் ஆய்வு, இரத்தப்போக்கு உள்ள எல்லோருக்கும் அது பயன் தருவதாகக் காட்டவில்லை. முன்பு கருச்சிதைவு ஏற்பட்டு, இம்முறை இரத்தமும் படுபவர்களுக்குப் பயன் இருக்கலாம் என்று காட்டியது. உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால் எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தானாக நிறுத்திவிட வேண்டாம்.

ஆறாம் படி: கர்ப்பப்பையில் ஒன்றும் தெரியாவிட்டால்

பரிசோதனையில் இரண்டு கோடு. ஸ்கேனில் கர்ப்பப்பை வெறுமையாக இருக்கிறது. இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. கர்ப்பம் மிகவும் இளசாக இருக்கலாம்; கருச்சிதைவு ஏற்கெனவே முடிந்திருக்கலாம்; அல்லது கரு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருக்கலாம். மூன்றாவதுதான் உயிருக்கு ஆபத்தானது.

இங்கே கர்ப்ப ஹார்மோனின் அளவைக் காட்டும் பீட்டா எச்.சி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனை உதவுகிறது. அதை ஒரு முறை எடுத்தால் போதாது. 48 மணி நேர இடைவெளியில் இரண்டாவது முறை, முடிந்தால் அதே ஆய்வகத்தில் எடுக்க வேண்டும். கர்ப்பப்பைக்குள் நல்லபடியாக வளரும் ஆரம்ப கர்ப்பத்தில், அளவு 1,500க்குக் குறைவாக இருக்கும்போது, 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதம் கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள். மந்தமாக ஏறுவதோ, ஏறாமல் நிற்பதோ கருக்குழாய்க் கர்ப்பத்தின் சந்தேகத்தை எழுப்பும். அளவு 3,500ஐத் தாண்டியும் கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. ஆயினும், நிலைமை சீராக இருக்கும் பெண்ணுக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெதோட்ரெக்சேட் ஊசி போடுவது சரியல்ல.

ஏழாம் படி: உடனே கிளம்ப வேண்டிய நேரம்

பின்வருவன எதற்கும் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்கக் கூடாது. அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கத்தில், கூடிக்கொண்டே போகும் அல்லது விடாத வலி. தோள்பட்டை நுனியில் வலி. கண் இருண்டு மயக்கம் வருதல், உடல் வெளிறிக் குளிர்ந்து வியர்த்தல். மலம் கழிக்க உட்காரும்போது ஆசனவாய்ப் பக்கம் கடும் அழுத்தம். தோள் வலிக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் கசியும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோளில் உணரப்படுகிறது. வெளியே இரத்தம் ஒரு சொட்டுக்கூடப் படாமல் உள்ளே இரத்தம் பெருகிக்கொண்டிருக்கலாம். முன்பு கருக்குழாய்க் கர்ப்பம் இருந்தவர்கள், குடும்பக் கட்டுப்பாடு உள்ளிட்ட குழாய் அறுவை செய்தவர்கள், காப்பர்-டி இருக்கும்போதே கருத்தரித்தவர்கள், செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் கருக்குழாய்க் கர்ப்பம் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு இப்படி எந்த முன்காரணமும் இருப்பதில்லை. 108க்கு அழையுங்கள். அறுவை அரங்கும் இரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

பெரிய நாப்கின் ஒரு மணி நேரத்தில் முழுதும் நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலும், காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள கசிவு இருந்தாலும் அன்றே போக வேண்டும். இலேசான பழுப்புக் கசிவு இவ்வளவு அவசரமல்ல. ஏறத்தாழ நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் ஏதோ ஓர் அளவு இரத்தம் படுகிறது. துடிப்பு தெரிந்த பிறகு அப்படிப் பட்டால் அவர்களில் பெரும்பாலோர் குழந்தையைப் பெற்றெடுக்கிறார்கள். உங்கள் இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் இரத்தப்போக்கைப் பற்றிச் சொல்லும்போதே அதையும் சொல்லுங்கள்; ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

எட்டாம் படி: என்.டி. ஸ்கேன்

11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே இதை எடுக்க முடியும். அந்த வாரங்களைத் தவறவிட்டால் மறுபடி எடுக்க இயலாது. கழுத்தின் பின்புறம் தோலடியில் தேங்கும் நீரின் தடிமனை அளக்கிறார்கள். 3.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குரோமோசோம் கோளாறுக்கும் இதயக் கோளாறுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அது நோய் இருப்பதாக உறுதி சொல்வதில்லை. டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் அபாயம் கணக்கிடப்படுகிறது. உறுதிப்படுத்த நஞ்சின் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். இரட்டைக் கரு என்றால் இரண்டுக்கும் நஞ்சு ஒன்றா, தனித்தனியா என்பதை 14 வாரத்துக்குள் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு அதைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும், ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரை அடிக்கடி கண்காணிக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: இழப்பு உறுதியானால்

கர்ப்பம் நின்றுவிட்டது உறுதி என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. இரத்தப்போக்கு அதிகமோ காய்ச்சலோ இல்லாதவரை தானாக வெளியேறட்டும் என்று சில நாள் காத்திருக்கலாம். மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரை எடுக்கலாம். உறிஞ்சி எடுக்கும் சிறு சிகிச்சை செய்துகொள்ளலாம். மருந்துக் கடையில் நேரடியாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. கருக்குழாய்க் கர்ப்பமாக இருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, வரும் இரத்தப்போக்கு எல்லாம் முடிந்துவிட்டதாக நம்ப வைத்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டில் விசாரணை தொடங்குகிறது. பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் போனாயா, படி ஏறினாயா என்று கேட்கிறார்கள். அறியப்பட்ட கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை கருச்சிதைவில் முடிகின்றன. ஆரம்பத்தில் நிகழ்பவற்றில் பாதிக்கும் மேல் கரு உருவான நொடியிலேயே நேர்ந்த குரோமோசோம் பிழையால் நிகழ்கின்றன. அந்தப் பெண் படியேறுவதற்கு வாரக்கணக்கில் முன்பே அது முடிவாகிவிட்டது. கேட்பவர்களிடம் இதைக் கணவரே எடுத்துச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்ல வைக்கக் கூடாது.

மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, கோடு மறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிடாய் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்பும், ஆனால் அதற்கு முன்பே கருத்தரிக்கவும் முடியும். இந்த முறை எடுத்த எல்லா அறிக்கைகளையும் ஒரே உறையில் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். அடுத்த கர்ப்பத்தில், குறிப்பாக இது கருக்குழாய்க் கர்ப்பமாக இருந்திருந்தால், கோடு தெரிந்தவுடனே மருத்துவரிடம் சொல்லி, ஆறு ஏழு வாரத்திலேயே டி.வி.எஸ். ஸ்கேனுக்கு அந்த உறையோடு போங்கள்.